சிங்க்கில் தண்ணீர் இறங்க மறுக்கிறது, எதை ஊற்றலாம்?

மழைக்குருவி:
வணக்கம் நண்பர்களே. சமையலறை சிங்க்கில் பத்து நாளாகத் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. நேற்றிலிருந்து அதுவும் இல்லை. நாலு பாத்திரம் கழுவினால் கால் மணி நேரம் குளம் கட்டி நிற்கிறது, கடைசியில் 'களக் களக்' என்று ஒரு சத்தத்தோடு போகிறது.

இதுவரை கொதிக்கும் தண்ணீர் இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தேன். சமையல் சோடாவும் வினிகரும் ஒரு தடவை. நுரை பிரமாதமாக வந்தது, வேறு எந்த மாற்றமும் இல்லை. அடைப்பு நீக்கும் தூள் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. அதைப் போடலாமா, இல்லை வேறு ஏதாவது ஊற்ற வேண்டுமா? வாடகை வீடு, குழாய்க்கு ஏதாவது ஆனால் என் தலையில்தான் விழும்.

அரைத்தூக்கம்:
தூளைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் சரியாகியிருக்கும். எனக்கு இரண்டு முறை வேலை செய்தது.

பழைய_குறடு:
கொஞ்சம் பொறுங்கள். இருபது வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். என்ன ஊற்றலாம் என்று கேட்பவர்கள்தான் அதிகம், எங்கே அடைத்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மழைக்குருவி, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

சிங்க் மட்டுமா, குளியலறை, கழிப்பறையிலும் தண்ணீர் தேங்குகிறதா? ஒரே இடம் என்றால் அடைப்பு அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல இடம் என்றால் எல்லாம் சேரும் பெரிய குழாயில்.

சிங்க் தண்ணீரை விட்டதும் வேறெங்காவது, உதாரணத்துக்குக் குளியலறைத் தரைத் துளையில், தண்ணீர் மேலே வருகிறதா?

சிங்க்குக்கு அடியில் இருக்கும் குழாய் எப்படிப்பட்டது? கெட்டியான பிவிசியா, சுருக்கம் சுருக்கமாக வளைந்து கொடுக்கும் ஹோஸா?

இதைச் சொல்லாமல் தூளைக் கொட்டாதீர்கள். தண்ணீர் நகராத குழாயில் தூள் போட்டால் அது அடைப்பு வரைக்கும் போகாது, ட்ராப்பின் (சிங்க்குக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும் பகுதி) அடியிலேயே உட்கார்ந்து கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் அதைத் திறக்க வருகிறவன் கை வெந்து போகும். எனக்கு வெந்திருக்கிறது. வலது கை, இரண்டு விரல்.

வேதிக்கரண்டி:
குறடு அண்ணா சொல்வது சரி. அந்தத் தூளில் இருப்பது பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. தண்ணீரில் கரையும்போது அதிகச் சூட்டை வெளிவிடும். கொழுப்போடு சேர்ந்தால் அதைச் சோப்பாக மாற்றும், முடியை மெல்ல மெல்லக் கரைக்கும். வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி மாறிய சோப்பு குழாயின் குளிர்ந்த பகுதிக்குப் போய் மறுபடியும் கட்டியாகலாம். சிலவற்றில் அலுமினியத் துகளும் கலந்திருக்கும். அது காஸ்டிக்கோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும், சூடும் கூடும். தேங்கிய தண்ணீருக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் முகத்தில் தெறிக்க அது போதும்.

சோடா, வினிகர் விஷயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், கொஞ்சம் சோடியம் அசிடேட் உப்பு. நுரையைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பது போல் இருக்கும். மூடிய குழாயில் அந்த வாயு மேலே திறந்திருக்கும் வழியாகத்தானே போகும், கீழே கெட்டியாக இருக்கும் அடைப்பை ஏன் தள்ளப் போகிறது?

மழைக்குருவி:
அப்படியானால் நான் ஊற்றிய ஒரு புட்டி வினிகர் வீண். சரி.

பதில்கள்: சிங்க் மட்டும்தான். வேறெங்கும் தண்ணீர் எழவில்லை. அடியில் பாட்டில் மாதிரி ஒன்று இருக்கிறது, அதிலிருந்து சுருக்கம் வைத்த சாம்பல் நிற ஹோஸ் சுவருக்குள் போகிறது.

பழைய_குறடு:
நல்லது. உங்கள் பிரச்சினை அந்த அலமாரிக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பாட்டில்தான் ட்ராப். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், பொதுவாக 5 சென்டிமீட்டர் அளவுக்கு. அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. கனமான அழுக்கும் அதில்தான் முதலில் தங்கும்.

பெரிய வாளி ஒன்றை அடியில் வையுங்கள். பாட்டிலின் கீழ்மூடியை இடது பக்கமாகத் திருப்புங்கள். கையால் வராவிட்டால் ஈரத்துணி சுற்றித் திருப்புங்கள், குறடு வேண்டாம். பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும். உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது என்று கழற்றுவதற்கு முன்பே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கை இறுக்கம் போதும்.

ஏற்கெனவே ஏதாவது மருந்து ஊற்றியவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நீங்கள் ஊற்றவில்லை, அதனால் தைரியமாகச் செய்யலாம்.

கூந்தல்காரி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சமையலறை இல்லை, குளியலறைத் தரைத் துளை. வீட்டில் மூன்று பெண்கள், மூவருக்கும் இடுப்பு வரை முடி. மாதம் ஒரு தடவை அடைக்கிறது. அதுக்கும் இதே மருந்தா?

பழைய_குறடு:
உங்களுக்கு மருந்தே வேண்டாம் அம்மா. முடி அடைப்பு பெரும்பாலும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். துளைக்கு மேல் இருக்கும் ஜாலி மூடியைக் கழற்றிவிட்டு, ஓரங்களில் முள் வைத்த நீளமான பிளாஸ்டிக் பட்டை கிடைக்கிறது, அதை உள்ளே விட்டு மெல்லத் திருகி இழுங்கள். பட்டை இல்லையென்றால் ஒரு கம்பியின் நுனியைச் சின்ன கொக்கியாக வளைத்துக்கொள்ளலாம். வருவதைப் பார்த்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது, அது தனி விஷயம்.

கம்பியால் கீழே குத்தாதீர்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த பந்து எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

வேதிக்கரண்டி:
முடி மட்டும் அடைப்பதில்லை. சோப்பும் கடினநீரில் இருக்கும் கால்சியமும் சேர்ந்து கரையாத வெள்ளைப் பசை ஒன்று உண்டாகும். முடி வலை, அந்தப் பசை சிமெண்ட். கட்டிச் சோப்புக்குப் பதிலாகத் திரவ சோப்பு பயன்படுத்தும் வீடுகளில் இந்தப் பசை குறைவாக இருக்கும்.

கூந்தல்காரி:
பட்டை வைத்து இழுத்தேன். எலி என்று நினைத்து என் தங்கை அலறிவிட்டாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. நன்றி அண்ணா. இனிமேல் துளைக்கு மேல் முடி பிடிக்கும் வலை மூடி போடப் போகிறேன்.

அரைத்தூக்கம்:
நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை வேலை செய்தது என்றேன் அல்லவா, மூன்றாவது முறை வேலை செய்யவில்லை. அது கழிப்பறை. முதலில் அமிலம் கலந்த ஒரு கிளீனர் ஊற்றினேன். தண்ணீர் இறங்கவில்லை. பொறுமை இல்லாமல் அரை மணி நேரத்தில் பிளீச்சிங் திரவத்தையும் ஊற்றிவிட்டேன். நீச்சல் குளத்தில் அடிக்குமே, அதே வாடை, நூறு மடங்கு. கண் எரிந்து, இருமல் நிற்காமல், தரையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். மூன்று நாள் நெஞ்சு அடைத்த மாதிரியே இருந்தது.

வேதிக்கரண்டி:
அது குளோரின். முதலாம் உலகப்போரில் 1915-இல் போர்க்களத்தில் வீசிய அதே வாயு. நீங்கள் பிழைத்தது வெளியே வந்துவிட்டதால்தான். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின், அமோனியா சேர்ந்தால் குளோரமைன், இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும். ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்றால் அதன் மேல் இன்னொன்றை ஊற்றவே கூடாது. அப்படி எப்போதாவது நடந்துவிட்டால் அங்கே நின்று கழுவிக்கொண்டிருக்காதீர்கள். உடனே வெளியே வந்துவிடுங்கள், மூச்சு சரியில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

மழைக்குருவி:
திறந்துவிட்டேன்! ஆனால் ஒரு அவமானத்தைச் சொல்லியாக வேண்டும்.

வாளி வைத்தேன், மூடியைத் திருப்பினேன், கறுப்பாக ஏதோ விழுந்தது. பாட்டில் மூடி முழுக்கப் பசை. அதைக் கழுவ வேண்டும் என்று எழுந்து நின்று, சிங்க் குழாயைத் திறந்து, அதே சிங்க்கில் கழுவினேன். கீழே ட்ராப் இல்லை என்பது கால் நனைந்த பிறகுதான் உறைத்தது. வாளியையும் அதற்குள் நகர்த்தி வைத்திருந்தேன்.

பழைய_குறடு:
இதைச் செய்யாத ஆள் கிடையாது. என் முதலாளி செய்து நான் பார்த்திருக்கிறேன்.

மழைக்குருவி:
ஆனால் ஒரு சோகம். ட்ராப்பைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் தண்ணீர் பழையபடிதான் நிற்கிறது. இத்தனைக்கும் ட்ராப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கைப்பிடிப் பசைதான்.

பழைய_குறடு:
அப்படியென்றால் அதற்கு அடுத்து இருக்கிறது. ஹோஸைக் கழற்றுவதற்கு முன்னால் பிளஞ்சர் போட்டுப் பாருங்கள். இது பலருக்குத் தெரிகிற வேலை, சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

சிங்க்குக்கு, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் ரப்பர் கிண்ணம் வேண்டும். கழிப்பறைக்கு, கிண்ணத்தின் உள்ளிருந்து ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வகை. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள், சுகாதாரத்துக்காக மட்டும் சொல்லவில்லை, காற்றும் பிடிக்காது. சிங்க்கின் மேல் விளிம்புக்குக் கீழே ஒரு வழிந்தோடும் துளை இருந்தால் அதை ஈரத்துணியால் நன்றாக அடையுங்கள். இரட்டைச் சிங்க் என்றால் பக்கத்துத் துளையையும். இதை விட்டால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் எல்லாம் அந்த வழியாகப் போய்விடும். கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கிண்ணத்தைச் சாய்வாக வைத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு நேராக உட்கார வையுங்கள். முதல் அழுத்தம் மெதுவாக. அப்புறம் பதினைந்து இருபது தடவை விடாமல், கிண்ணம் ஒட்டிய இடத்திலிருந்து எழாமல். கடைசியில் வெடுக்கென்று இழுக்க வேண்டும். அடைப்பைக் கிளப்புவதில் அழுத்தத்தைவிட இழுப்புக்குத்தான் பங்கு அதிகம்.

கணக்குப்பிள்ளை:
எனக்கு ஒரு சந்தேகம். 'களக் களக்' என்றாரே, அது காற்றுக்குழாய் (கழிவுக் குழாய்க்குள் காற்று போக வைத்திருக்கும் குழாய்) அடைத்ததால் வருவதில்லையா? எங்கள் வீட்டில் மொட்டைமாடிக்குப் போகும் காற்றுக்குழாயில் குருவி கூடு கட்டி, தண்ணீர் போகும்போதெல்லாம் ட்ராப்பில் இருந்த தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போனது. வீடு முழுக்க வாடை.

பழைய_குறடு:
நல்ல கேள்வி. காற்றுக்குழாய் அடைத்தாலும் அந்தச் சத்தம் வரும். ஆனால் அப்போது பெரும்பாலும் ஒரு இடத்தில் தண்ணீர் விட்டால் இன்னொரு இடத்தில் சத்தம் கேட்கும். இவருக்கு அதே சிங்க்கில், கடைசிச் சொட்டு போகும்போது மட்டும். குறுகிப்போன குழாய் வழியாகத் தண்ணீரும் காற்றும் முட்டிக்கொள்கிற சத்தம் அது.

கணக்குப்பிள்ளை:
இன்னொன்று, சரிவு. குழாய் ஒரு மீட்டருக்கு சுமார் 2 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். சுவருக்குள் போகிற இடம் ட்ராப்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயைவிட உயரமாக இருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் மாதா மாதம் அடைக்கும். ஒரு மட்டக்கோல் வைத்துப் பாருங்களேன்.

மாடிமேல்மாடி:
இந்த இழையைப் படித்ததும் வயிறு எரிகிறது. நான் அடுக்குமாடியில் தரைத்தளம். மேலே ஆறு வீடு. அவர்கள் எதைப் போட்டாலும் என் குளியலறைத் துளையில்தான் வந்து எட்டிப் பார்க்கும். போன மாதம் நள்ளிரவில் எழுந்தால் கணுக்கால் வரை. நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் திறக்கவில்லை.

ஆள் வந்து வெளியே சேம்பரை, அதாவது கழிவுக் குழாய்கள் சேரும் மூடி போட்ட குழியை, திறந்தபோது கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது, முழுக்க ஈரத் துடைப்பான் தாள்கள். 'ஃபிளஷ் செய்யலாம்' என்று உறையில் அச்சடித்திருக்கிறதாம். மேலே இருப்பவர்களிடம் கேட்டால் யாருமே அதைப் பயன்படுத்துவதில்லை!

பழைய_குறடு:
கழிப்பறைத் தாள் தண்ணீரில் பட்டதும் பிரிந்துவிடும். துடைப்பான் தாளில் பெரும்பாலானவற்றில் செயற்கை நார் இருக்கிறது, அது பிரியாது. உங்கள் சந்தேகம் தீர ஒரு வாளித் தண்ணீரில் இரண்டையும் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள், மேல்மாடிக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

உங்களைப் போல எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் எழுந்தால், பெரிய குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது வீட்டுக்குள் பிளஞ்சர் போடுவது வெட்டி வேலை. மேலிருக்கும் எல்லா வீட்டிலும் தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளிச் சேம்பரைப் பாருங்கள். சேம்பரில் தண்ணீர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அந்தப் பக்கம். காய்ந்திருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில்.

மூடியைத் திறந்து மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழமான சேம்பரிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ நீங்களும் இறங்காதீர்கள், காசு கொடுத்து வேறொருவரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு கூடினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். வாடை இல்லை என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த கதைகள் எத்தனை. வெளியில் நின்றபடி தண்ணீரை அழுத்தத்தில் பாய்ச்சும் இயந்திரம் இருக்கிறது. அதைக் கூப்பிடுங்கள்.

மழைக்குருவி:
கண்டுபிடித்துவிட்டேன்!

பிளஞ்சரில் கொஞ்சம் அசைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. கணக்குப்பிள்ளை சொன்னாரே என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தச் சுருக்க ஹோஸ் தேவைக்கு இரண்டு மடங்கு நீளம். மாட்டியவர் மிச்சத்தை வெட்டாமல், அலமாரித் தரையில் தொங்கவிட்டு மறுபடி மேலே ஏற்றிச் சுவருக்குள் விட்டிருக்கிறார். தொட்டில் மாதிரி ஒரு வளைவு. கழற்றிக் குலுக்கினால் எதுவும் வரவில்லை. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சுருக்கத்திலும் மெழுகு மாதிரி வெள்ளைக் கொழுப்பு, நடுவில் பென்சில் போகிற அளவுக்குத்தான் வழி. அந்த வழியையும் அடைத்துக்கொண்டு நின்றது என் பையனுடைய பொம்மைக் காரின் சக்கரம். இரண்டு மாதமாகத் தேடுகிறான்.

சக்கரம் எப்படி அங்கே போனது என்று யோசித்தால், தண்ணீர் மெதுவாகப் போகிறதே என்று சிங்க்கின் சல்லடைத் தட்டை நான்தான் எடுத்து வைத்திருந்தேன்.

பழைய_குறடு:
தண்ணீர் மெதுவாகப் போகிறது என்றால் முதலில் சல்லடையைத்தான் எடுப்பார்கள். எல்லா வீட்டிலும் நடக்கிறது.

ஹோஸுக்குப் பதிலாக உள்பக்கம் வழவழப்பான பிவிசி குழாய் போடுங்கள், ஒரே சரிவாக. சுருக்கம் இருந்தால் கொழுப்புக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்த மாதிரி. இன்னொன்று, இனிமேல் கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். பிவிசி 80 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகத் தொடங்கும், மூட்டுகள் நெளிந்துவிடும். கழிப்பறைப் பீங்கானில் கொதிநீர் ஊற்றினால் விரிசல்கூட விடலாம். கை பொறுக்கும் சூடு போதும்.

கணக்குப்பிள்ளை:
சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்து ஊற்றினால் கொழுப்பு கரைந்து போய்விடும் என்கிறார்களே?

வேதிக்கரண்டி:
உங்கள் கண் பார்வையிலிருந்து போய்விடும். பத்து மீட்டர் தள்ளிப் போனதும் தண்ணீர் ஆறும், கொழுப்பு அங்கே ஒட்டும். தெருச் சாக்கடையில் இதே கதை பெரிதாக நடக்கிறது. 2017-இல் லண்டன் வைட்சேப்பலில் கண்டுபிடித்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. கொழுப்பும் ஈரத் துடைப்பானும் சேர்ந்து கெட்டியானது. வாரக்கணக்கில் உடைத்து எடுத்தார்கள். அதில் ஒரு துண்டை அங்குள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள் என்பது கூடுதல் தகவல்.

வாணலியில் மிஞ்சிய எண்ணெயைப் பழைய காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீரும். நிறைய எண்ணெய் என்றால் ஆறவைத்து ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். காபித் தூள் சக்கையையும் சிங்க்கில் தட்டாதீர்கள், கரையவே கரையாது, கொழுப்போடு சேர்ந்து களிமண் மாதிரி படியும்.

மாடிமேல்மாடி:
நுண்ணுயிர் கலந்த மருந்து என்று ஒன்று விற்கிறார்களே, அது?

வேதிக்கரண்டி:
முழுதாக அடைத்த குழாயில் பயன் இல்லை. ஓடுகிற குழாயில், இரவு படுக்கப் போகுமுன் ஊற்றி, காலை வரை தண்ணீர் விடாமல் இருந்தால் படிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கூடவே பிளீச் ஊற்றினால் அதுவும் செத்துப்போகும்.

கூந்தல்காரி:
துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் போகும் குழாய் நுனியில் ஒரு பழைய நைலான் காலுறையைக் கட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் அதில் சேர்ந்த பஞ்சைப் பார்த்தால் ஒரு தலையணை தைக்கலாம். இத்தனை நாள் அதெல்லாம் எங்கே போனதோ.

பழைய_குறடு:
நல்ல வேலை. வாரா வாரம் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், மறந்துவிட்டால் இயந்திரத் தண்ணீர் திரும்பி வரும்.

அரைத்தூக்கம்:
கடைசியாக ஒரு கேள்வி, யாரும் சிரிக்கக் கூடாது. விருந்தினர் அறையில் இருக்கும் குளியலறையில் இரண்டு மாதமாகச் சாக்கடை வாடை. தண்ணீர் நன்றாக இறங்கும் என்றுதான் நினைக்கிறேன், யாரும் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இந்தத் தடவை எதையும் ஊற்றாமல் முதலில் இங்கே கேட்கிறேன்.

பழைய_குறடு:
இந்தத் தடவைதான் ஊற்ற வேண்டும் தம்பி. தரைத் துளையில் இரண்டு குவளைத் தண்ணீர், வாஷ்பேசினில் ஒரு குவளை. ட்ராப்பில் இருந்த தண்ணீர் வற்றிப்போயிருக்கும், அவ்வளவுதான். நெடுநாள் பூட்டி வைப்பதாக இருந்தால் மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும்.

வேதிக்கரண்டி:
எண்ணெயைக் குழாயில் விடாதே என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, ஒரு கரண்டிக்கு அனுமதியா அண்ணா?

பழைய_குறடு:
ஒரே ஒரு கரண்டி.

அரைத்தூக்கம்:
தண்ணீர் மட்டும் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் வாடை நின்றுவிட்டது. வீட்டில் நான்தான் சரிசெய்தேன் என்று சொல்லியிருக்கிறேன், யாரும் வந்து காட்டிக்கொடுக்க வேண்டாம்.

மழைக்குருவி:
புதுக் குழாய் போட்டாயிற்று. சல்லடைத் தட்டும் திரும்ப சிங்க்குக்கு வந்துவிட்டது. தூள் டப்பாவை உறை பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்தேன். பொம்மைக் காருக்குச் சக்கரம் மாட்டியாகிவிட்டது. ஆனால் எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை போகவில்லை. பையன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான்.